மலை வேட்டைக்கு மலிவு விலை ஏ.ஆர்.-10 ஏற்றதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்கு முதன்முறையாகப் போக நினைப்பவர்கள், கோடை தொடங்கியதும் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். "உதிரிப் பாகங்களைத் தள்ளுபடியில் வாங்கி, குறைந்த செலவில் ஒரு ஏ.ஆர்.-10 சேர்த்து வைத்திருக்கிறேன். அக்டோபரில் மலைக்கு எடுத்துப் போகலாமா?" ஏ.ஆர்.-10 என்பது ராணுவத் துப்பாக்கியின் தோற்றமுள்ள ஓர் அரைத் தானியங்கி ரைஃபிள்; ஏ.ஆர்.-15 அதன் சிறிய வடிவம். சிலர் வாங்கிவிட்டுக் கேட்கிறார்கள். சிலர் வாங்கும் முன்பே கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பக்கம் அதிகம் பயன்படும். நான் சொல்வதெல்லாம் ராக்கி மலைத்தொடரை, குறிப்பாகக் கொலராடோவை மனத்தில் வைத்துச் சொல்வது. சட்டங்கள் ஆண்டுதோறும் மாறும். உங்கள் மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகத்தின் அந்த ஆண்டுப் பதிப்பைப் படிக்காமல் மலையேற வேண்டாம்.

நேராகச் சொல்லுங்கள்: ஏற்றதா, இல்லையா?

மலைக்கென்றே இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள், கையில் இருக்கும் பணமும் குறைவு என்றால், ஏற்றதல்ல. அந்தப் பணத்தில், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிள் ஒன்றை வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தை நல்ல ஸ்கோப்புக்கும், காலணிக்கும், பயிற்சித் தோட்டாவுக்கும் செலவழியுங்கள்.

ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறீர்கள், அது தடங்கலின்றிச் சுடுகிறது, உங்கள் வேட்டை வண்டிப்பாதையிலிருந்து ஒரு மைலுக்குள் முடிந்துவிடும் என்றால், எடுத்துப் போகலாம். அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ராணுவத் துப்பாக்கியைப் போன்ற ஒன்றை வேட்டைக்குக் கொண்டுபோவதே தவறில்லையா?

தோற்றத்தை வைத்து நான் எடை போடுவதில்லை. அரைத் தானியங்கி என்றால் விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். அடுத்த தோட்டா தானாகக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஏறிக்கொள்ளும். அமெரிக்காவில் அரைத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் குண்டில் விலங்கு காயப்பட்டு நின்றால், இரண்டாவது குண்டை விரைவாகச் செலுத்தி அதன் வேதனையை முடிக்கலாம் என்பது இதன் பக்கம் உள்ள நல்ல வாதம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நன்மைக்கு மலையில் கொடுக்க வேண்டிய விலை அதிகம். என் ஆட்சேபம் முழுவதும் அந்த விலையைப் பற்றியதுதான்.

எடை அவ்வளவு பெரிய விஷயமா? நான் உடற்பயிற்சி செய்பவன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18 அல்லது 20 அங்குலக் குழல் கொண்ட மலிவு விலை ஏ.ஆர்.-10 வெறுமனே ஏறத்தாழ 9 பவுண்டு இருக்கும். ஸ்கோப்பும் அதைத் தாங்கும் பிடியும் சேர்ந்து ஒன்றே முக்கால் பவுண்டு. ஐந்து தோட்டா நிரம்பிய மேகசின் அரை பவுண்டுக்குச் சற்று மேல். தோள்வார் கால் பவுண்டுக்குச் சற்று மேல். எல்லாம் சேர்ந்தால் பதினொன்றரை பவுண்டு, அதாவது ஐந்தேகால் கிலோ. மலிவு விலை போல்ட் ரைஃபிள் ஒன்று ஆறரை பவுண்டு இருக்கும். அதை இதேபோல் முழுமையாகச் சித்தப்படுத்தினால் ஒன்பது பவுண்டு வரும், நான்கு கிலோவுக்குச் சற்று மேல்.

வித்தியாசம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரின் எடை அது. பத்தாயிரம் அடி உயரத்தில், கடையிலிருந்து வெகு தூரத்தில், ஒரு லிட்டர் தண்ணீரை வீட்டில் விட்டுவிட்டு அதற்குப் பதிலாக இரும்பைச் சுமப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சிக் கூடத்தில் ஐந்து கிலோ ஒன்றுமில்லைதான். ஆனால் துப்பாக்கி முதுகில் ஒட்டிக்கொண்டு வரும் சுமை அல்ல. தோளில் தொங்கும், சரியும், கைக்கு மாறும். ஏ.ஆர்.-இன் பிஸ்டல் பிடியும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மேகசினும் முதுகுப்பையின் வாரில், புதர்க் கிளையில், விழுந்து கிடக்கும் மரங்களில் மாட்டும். கொலராடோவில் பட்டுப்போன பைன் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும் சரிவுகள் ஏராளம். அவற்றின் மேல் ஏறி இறங்கும்போதுதான் ஒவ்வொரு நீட்டலின் விலையும் தெரியும். மூச்சு வாங்க உட்கார்ந்து உடனே சுட நேர்ந்தால், களைத்த கை ஒன்பது பவுண்டைவிடப் பதினொன்றரை பவுண்டில்தான் அதிகம் நடுங்கும்.

வேட்டை வெற்றி பெற்றால் சுமை இன்னும் கூடும். முழு வளர்ச்சி அடைந்த ஆண் எல்க் 700 பவுண்டு வரை இருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சியே 200 பவுண்டு தேறும். உண்ணத்தக்க இறைச்சியை மலையில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். ஆகவே அவ்வளவையும் மூன்று நான்கு நடையாகச் சுமந்து இறக்க வேண்டும். அந்த ஒவ்வொரு நடையிலும் துப்பாக்கியும் உங்களோடு வரும்.

எடை கூடினால் பின்னுதைப்பு குறையுமே?

குறையும், உண்மைதான். எடையும், வாயு அழுத்தத்தில் இயங்கும் பொறியும் சேர்ந்து உதையை மென்மையாக்கிவிடும். சுடுதளத்தில் நாற்பது தோட்டா சுடுபவருக்கு அது பெரிய ஆறுதல். மலையிலோ ஒரு பருவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறைதான் சுடுவீர்கள். எல்க் கண்முன் நிற்கும்போது யாருக்கும் தோளில் உதை தெரிந்ததில்லை.

மலிவான ஏ.ஆர்.-15 நன்றாகத்தானே வேலை செய்கிறது? ஏ.ஆர்.-10 மட்டும் ஏன் சிக்கல் தருகிறது?

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் உங்கள் பணம் மிஞ்சும்.

யூஜின் ஸ்டோனர் ஏ.ஆர்.-10-ஐ ஆர்மலைட் நிறுவனத்துக்காக 1950-களின் நடுவில் வடிவமைத்தார். பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் ஆர்மலைட் ரைஃபிளைக் குறிப்பவைதான், வேறெதையும் அல்ல. அமெரிக்க ராணுவம் அதை ஏற்கவில்லை; 1957-இல் எம்-14-ஐத் தேர்ந்தெடுத்தது. பிறகு அதே வடிவத்தைச் சிறிதாக்கி ஏ.ஆர்.-15 செய்தார்கள். 1959-இல் அதன் உரிமையைக் கோல்ட் நிறுவனம் வாங்கியது. அதுவே ராணுவத்தின் எம்-16 ஆயிற்று.

சிறியவனை ராணுவம் ஏற்றதால், அதன் ஒவ்வொரு துளைக்கும் ஊசிக்கும் எழுதப்பட்ட அளவு பிறந்தது. இன்றும் வெவ்வேறு நிறுவனங்களின் ஏ.ஆர்.-15 பாகங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்துவது அதனால்தான். பெரியவனுக்கு அந்தப் பொது அளவு வாய்க்கவில்லை. பின்னாளில் ஆளுக்கொரு அளவில் செய்தார்கள். இன்று கடைகளில் டி.பி.எம்.எஸ். என்ற நிறுவனத்தின் வழிவந்த வடிவம், ஆர்மலைட் வடிவம் என இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. மேகசின் முதல் மேலுறை வளைவு வரை இவை வேறுபடும். ஒரே குடும்பத்துக்குள்ளும் ஒரு நிறுவனத்தின் மேல்பாகம் இன்னொன்றின் கீழ்பாகத்தில் சரியாக உட்காராமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

"தள்ளுபடியில் கிடைத்ததை வாங்கிச் சேர்ப்பது" ஏ.ஆர்.-15-இல் சிக்கனம். ஏ.ஆர்.-10-இல் அது பெரும்பாலும் சூதாட்டம். பொறியை இயக்கும் வாயு அதிகமானால் சுட்ட தோட்டாவின் கூட்டைப் பிய்த்துக்கொண்டு இழுக்கும். குறைந்தால் அடுத்த தோட்டாவை எடுக்காது. வெயிலில் சுடுதளத்தில் ஒழுங்காக ஓடும் துப்பாக்கியும், எண்ணெய் தடித்துப்போகும் குளிரில் மந்தமாகலாம். பாகம் பாகமாகச் சேர்க்காமல், ஒரே நிறுவனம் முழுமையாகச் செய்து விற்கும் துப்பாக்கியை வாங்கினால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

மலிவு விலையில் துல்லியம் கிடைக்குமா?

போதுமான அளவு கிடைக்கலாம், ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை. நூறு கஜத்தில் குண்டுகள் இரண்டு அங்குல வட்டத்துக்குள் விழுந்தால், முந்நூறு கஜத்தில் அது ஆறு அங்குல வட்டமாகும். மியூல் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குலம். எல்க்குக்கு அது ஓர் அடிக்கு அருகில். ஆக, துப்பாக்கி மட்டும் என்றால் இரண்டு அங்குல வட்டம் போதும். ஆனால் உங்கள் மூச்சிரைப்பு, பக்கக் காற்று, தூரக் கணிப்பில் வரும் பிழை எல்லாம் அந்த ஆறு அங்குலத்தின் மேல்தான் வந்து சேரும். நூறு கஜத்தில் மூன்று அங்குலம் என்றால், முந்நூறு கஜத்தில் துப்பாக்கியின் பங்கே ஒன்பது அங்குலம் ஆகிவிடும். அப்படிப்பட்டதோடு இருநூறு கஜத்துக்கு மேல் சுடாதீர்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மலையில் சுடப்படுவது எப்போதும் குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு. சுடுதளத்தில் குழல் சூடான பிறகு வரும் அழகான வட்டத்தைப் படம் எடுத்துக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெவ்வேறு நாள்களில், குளிர்ந்த குழலோடு, நாளுக்கு ஒரே ஒரு குண்டு சுட்டு, எல்லாவற்றையும் ஒரே தாளில் பாருங்கள்.

மலிவுத் துப்பாக்கிகளில் விசையும் கனமாக இருக்கும். ஆறு பவுண்டுக்கு மேல் அழுத்தினால்தான் விடும். அதை இழுக்கும்போது குறி விலகும். நல்ல விசைக்கு மாற்றினால் இருநூறு டாலர் வரை போகும். "மலிவு" என்ற சொல் கரையத் தொடங்கும் இடம் இதுதான்.

சத்தத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். எனக்கு மலை கற்றுக்கொடுத்த பாடங்களிலேயே கசப்பானது இது.

செங்குத்தான சரிவில் அறையில் தோட்டாவோடு நான் நடப்பதில்லை. வழுக்கி விழுந்தால் குழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. விலங்கைக் கண்ட பிறகுதான் தோட்டாவை ஏற்றுவேன். போல்ட் ரைஃபிளில் கைப்பிடியைப் பையத் தள்ளி, பைய மூடிவிடலாம். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. ஏ.ஆர்.-இல் அது முடியாது. பின்னால் இழுத்த போல்ட்டை, அதாவது அறையை மூடும் பாகத்தை, அதன் சுருள்வில்லின் முழு வேகத்தோடு விட்டுவிட வேண்டும். இரும்பில் இரும்பு மோதும் அந்த ஒலி, பனி விழுந்த அமைதியான காலையில் அடுத்த முகடு வரை போகும்.

ஒரு நவம்பர் காலையில், பத்தாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், பெண் எல்க் கூட்டம் ஒன்று நூற்றெண்பது கஜத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. கடன் வாங்கிய ஏ.ஆர்.-10 என் கையில் இருந்தது. சத்தம் வரக்கூடாது என்று போல்ட்டைக் கையால் பிடித்து மெல்ல முன்னே விட்டேன். குளிரில் இறுகிய எண்ணெய் ஒரு பக்கம், வேகமின்மை இன்னொரு பக்கம். போல்ட் முழுதாகப் பூட்டவில்லை. விசையை இழுத்தேன். வெறும் "க்ளிக்". மறுபடி போல்ட்டை இழுத்து முழு வேகத்தோடு விட்டேன். அந்த ஒலியில் கூட்டமே தலையைத் தூக்கியது. அடுத்த மூச்சில் மரங்களுக்குள் மறைந்துபோனது.

பல ஏ.ஆர்.-களில் போல்ட்டை முன்னே தள்ளப் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. மெல்ல விட்டுவிட்டு அதை உள்ளங்கையால் அழுத்திப் பூட்டலாம். பழகினால் பயன்படும். ஆனால் மலிவு விலை ஏ.ஆர்.-10 சிலவற்றில் அந்தப் பொத்தானே இருக்காது. வாங்கும் முன் பாருங்கள்.

இதோடு இன்னொன்று: ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்காதீர்கள். தோட்டாவின் அடியைத் தட்டிச் சுடவைக்கும் அடிமுள் ஏ.ஆர்.-இல் தளர்வாக மிதப்பது. ஒவ்வொரு ஏற்றத்திலும் தோட்டாவின் அடிப்பகுதியில் சிறு தழும்பு விழும். குண்டும் கூட்டுக்குள் சற்று அமுங்கலாம். இரண்டு முறை ஏறி இறங்கியதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எந்தத் தோட்டா?

.308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. 150 கிரெயின் எடையுள்ள குண்டு நீளமான குழலிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2,820 அடி வேகத்தில் கிளம்பும். முந்நூறு கஜத்துக்குள் எல்க்குக்கு அது போதும். எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும் என்பது மலையில் பெரிய வசதி. 6.5 கிரீட்மோர் 2007-இல் அறிமுகமானது. காற்றை நன்றாகக் கிழித்துப் போகும், உதையும் குறைவு. இரண்டில் எது என்று இரவெல்லாம் வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. உங்கள் துப்பாக்கி எந்தத் தோட்டாவைத் தடங்கலின்றி ஏற்றுகிறதோ அதுவே நல்லது.

குழலின் நீளம் மட்டும் முக்கியம். எடையைக் குறைக்க 16 அங்குலக் குழலுக்குப் போனால், 24 அங்குலத்தோடு ஒப்பிடும்போது வினாடிக்கு 150 முதல் 200 அடி வரை வேகம் குறையும். ஈயமில்லாத செப்புக் குண்டுகள் விரிய வேகம் தேவை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான். அங்கே குட்டைக் குழலும் செப்புக் குண்டும் சேர்ந்தால், நீங்கள் சுடும் தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஏ.ஆர்.-15-ஐயே எடுத்துப் போனால் எடைப் பிரச்சினை தீருமே?

தீரும். ஆனால் வழக்கமான .223 தோட்டாவோடு கொலராடோவில் பெரிய விலங்கை வேட்டையாட முடியாது. அங்கே குண்டின் விட்டம் குறைந்தது .24 அங்குலம் இருக்க வேண்டும். மான், பிராங்ஹார்ன் (மானைப் போன்ற சமவெளி விலங்கு), கரடிக்கு 70 கிரெயினும், எல்க், மூஸ் ஆகியவற்றுக்கு 85 கிரெயினும் குறைந்தபட்ச எடை. குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும். நூறு கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும்.

ஏ.ஆர்.-15 உடலிலேயே பொருந்தும் 6.5 கிரெண்டல், 2020-இல் வந்த 6 மி.மீ. ஏ.ஆர்.சி. ஆகிய இரண்டு தோட்டாக்களும் இந்த விதிக்குள் வரும். மியூல் மானுக்கும் பிராங்ஹார்னுக்கும் இவற்றை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். துப்பாக்கி ஏழு பவுண்டுக்குள் அடங்கும், பாகங்கள் பொருந்தும், விலையும் கட்டுப்படியாகும். அரைத் தானியங்கிதான் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பவருக்கு என் பதில் இதுதான். எல்க்குக்கு மட்டும் வேண்டாம் என்பேன். சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் பெரிய ஆண் எல்க் சாய்வாக நிற்கும்போது தோள் எலும்பைத் தாண்டிப் போக எனக்கு இன்னும் கனமான குண்டு வேண்டும்.

எடை குறைந்த ஏ.ஆர்.-10 என்று எதுவும் இல்லையா?

இருக்கின்றன. ரூகர் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட எஸ்.எஃப்.ஏ.ஆர்., .308 தோட்டாவை ஏறக்குறைய ஏ.ஆர்.-15 அளவுள்ள உடலில் அடக்கியது. 16 அங்குலக் குழலோடு 6.8 பவுண்டு. எடைக் கணக்கை அது நிஜமாகவே மாற்றுகிறது. ஆனால் விலை ஆயிரம் டாலர் அளவில் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல போல்ட் ரைஃபிளும் சுமாரான ஸ்கோப்பும் சேர்த்தே வந்துவிடும். எடை குறைந்த .308 என்பதால் உதை கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணக் கணக்கு எப்படி?

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் தோராயமாகச் சொல்கிறேன். மலிவு விலை ஏ.ஆர்.-10 எழுநூறு முதல் ஆயிரம் டாலர். அதோடு ஸ்கோப், பிடி, நல்ல விசை, ஐந்து தோட்டா மேகசின். பிறகு அது எந்தத் தோட்டாவை விரும்புகிறது என்று கண்டுபிடிக்க நான்கைந்து வகைப் பெட்டிகள். மலிவு விலை போல்ட் ரைஃபிள் நானூறு முதல் அறுநூறு டாலருக்குள் கிடைக்கும். விசை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், பெட்டியைத் திறந்து ஸ்கோப் பொருத்தினால் தயார். இரண்டுக்கும் இடையில் மிஞ்சும் நானூறு, ஐந்நூறு டாலரில் ஒரு ஜோடி நல்ல மலைக் காலணி வாங்கலாம். எல்க்கை எனக்கு அருகில் கொண்டுவந்தவை எப்போதும் காலணிகள்தான்.

கொலராடோவில் அரைத் தானியங்கிக்குத் தனி விதி உண்டா?

உண்டு. மேகசினிலும் அறையிலும் சேர்த்து மொத்தம் ஆறு தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. எனவே ஐந்து தோட்டா மேகசினே பொருத்தம். படுத்துச் சுடும்போது தரையில் இடிக்காமல் இருக்கவும் அதுதான் நல்லது. வண்டிக்குள் ரைஃபிளின் அறையில் தோட்டா இருக்கக்கூடாது. ரைஃபிள் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு உடை கட்டாயம். அதே நிறத் தொப்பி எல்லாத் திசையிலிருந்தும் தெரிய வேண்டும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும்.

வாங்குவதற்கும் புது விதி உண்டு. 2025-இல் கையெழுத்தான சட்டப்படி, கழற்றக்கூடிய மேகசின் உள்ள பல அரைத் தானியங்கிகளைக் கொலராடோவில் 2026 ஆகஸ்ட் முதல் வாங்க, முன்கூட்டியே பயிற்சியும் அனுமதியும் பெற வேண்டும். போல்ட் ரைஃபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மற்ற இடங்களில்?

பென்சில்வேனியாவில் மான் போன்ற பெரிய விலங்குகளுக்கு அரைத் தானியங்கி ரைஃபிள் அனுமதி இல்லை. வாஷிங்டன் மாநிலம் 2023-இல் ஏ.ஆர். வகைத் துப்பாக்கிகளின் விற்பனையையே நிறுத்தியது. கனடா 2020 மே மாதத்தில் ஏ.ஆர்.-10, ஏ.ஆர்.-15 இரண்டையும் தடைசெய்தது. தார் ஆட்டு மலை வேட்டைக்குப் பெயர்பெற்ற நியூசிலாந்து, 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பின் பெரும்பாலான அரைத் தானியங்கி ரைஃபிள்களைத் தடைசெய்தது. பல இடங்களில் வேட்டையாடும் கனவு இருந்தால், எல்லையில் கேள்வி எழாத துப்பாக்கி போல்ட் ரைஃபிள்தான்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வைத்திருக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் சுடுதளத்துக்குப் போய்விட்ட தமிழர்கள் சிலரைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகத் தடை. அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஒரு மாநிலம் முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருப்பது. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். துப்பாக்கி வீட்டில் பூட்டிக் கிடந்தாலும் சிக்கல்தான். நிரந்தர வசிப்பு அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இதில் தவறு நேர்ந்தால் இழப்பது துப்பாக்கியை மட்டுமல்ல, விசாவையும்தான். வாங்கும் முன் குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோகலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்குத் தடை இருக்கிறது. இவ்வகைத் துப்பாக்கிக்கும் அங்கே இடமில்லை.

கரடிப் பயத்துக்கு அரைத் தானியங்கி நல்லதல்லவா?

வயோமிங், மொன்டானா பகுதிகளில் கிரிஸ்லி கரடிகள் உண்டு. எல்க் இறைச்சியைத் தேடி அவை வரும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் முழங்காலிட்டு இறைச்சி அறுத்துக்கொண்டிருப்பீர்கள், ரைஃபிள் மரத்தில் சாய்ந்திருக்கும். இடுப்பில் கைக்கு எட்டும்படி கரடியை விரட்டும் மருந்துத் தெளிப்பானை வைத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு துணையை நிறுத்திக் காவல் காக்கச் சொல்லுங்கள்.

சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுடும்போது என்ன மாறும்?

எந்தத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான்: இரண்டு திசையிலும் குண்டு நீங்கள் எதிர்பார்த்ததைவிட மேலே போகும். கிடைமட்டத் தூரத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். முப்பது பாகைச் சரிவில் முந்நூறு கஜம் என்றால், 260 கஜத்துக்கு வைப்பதைப்போல் குறி வையுங்கள். கோணத்தைக் கணக்கிடும் தூரமானி இருந்தால் வேலை சுலபம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில், வேட்டைக்குப் பயன்படுத்தப் போகும் அதே தோட்டாவில் இருநூறு சுடுங்கள். மலிவான பயிற்சித் தோட்டாவில் ஓடுவது கணக்கில் வராது. ஒரு முறை தடங்கல் வந்தாலும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். பிறகு ஓர் இரவு முழுதும் துப்பாக்கியைக் குளிரில் வைத்து, விடியலில் மேகசின் ஒன்று சுட்டுப் பாருங்கள். குளிரில் இறுகாத மெல்லிய எண்ணெயை, குறைவாகவே போடுங்கள்.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் கடைசிச் சோதனை. வேட்டைக்கான முழுச் சுமையோடும் துப்பாக்கியோடும் மூன்று மைல் நடங்கள். அதில் ஆயிரத்து ஐந்நூறு அடியாவது ஏற்றம் இருக்கட்டும். மேலே, சுடுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், குண்டைத் தடுக்கும் மண்மேட்டின் முன் இலக்கை வைத்திருங்கள். போய்ச் சேர்ந்ததும் முதுகுப்பையை இறக்கி, உட்கார்ந்த நிலையில் அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, இருநூறு கஜத்தில் ஒரே ஒரு குண்டு. சுட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். இதை ஐந்து வெவ்வேறு நாள்களில் செய்யுங்கள், அதே தாளில். ஐந்து துளைகளும் எட்டு அங்குல வட்டத்துக்குள் இருந்தால் அக்டோபரில் அந்தத் துப்பாக்கியை எடுத்துப் போங்கள். ஒன்று வெளியே விழுந்தாலும், அல்லது மூன்றாவது நாளே நடக்க மனம் வராமல் போனாலும், இந்த ஆண்டு யாரிடமாவது ஒரு போல்ட் ரைஃபிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் ஏ.ஆர்.-10, வண்டிப்பாதைக்கு அருகிலேயே நடக்கும் பிராங்ஹார்ன் வேட்டைக்குச் சமவெளியில் உதவும்.